பூஜை அலமாரியில் பச்சை விளக்கு

பெங்களூரில் வேலை பார்க்கும் என் ஒரே மகன், பொங்கலுக்கு வந்தபோது ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தான். நாம் சொல்வதைக் கேட்டுப் பாட்டுப் போடுமாம். என் வீட்டுக்காரர், அவன் நைனா, காலமான பிறகு திருச்சானூரில் தனியாக இருக்கும் எனக்கு வேறென்ன பாட்டு வேண்டும்? விடிந்ததும் சுப்ரபாதம்தான். சாமி பாட்டுப் பாடுவதை டிவி பக்கத்திலா வைப்பது? பூஜை அலமாரியில், பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பேன்.

அப்போது அவன் அமெரிக்கா போக விசாவுக்கு விண்ணப்பித்திருந்தான். இந்த ஊரில் பிள்ளைக்கு விசா கிடைக்க வேண்டிக்கொள்ளாத தாய் இல்லை. நானும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைத்து, "சாமி, அவனுக்கு விசா வரக்கூடாது. வராம பண்ணு, என் முடிய உனக்குக் குடுத்துடறேன்" என்றேன்.

வேண்டுதலை மனசுக்குள் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சாமி காதில் விழும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிறைவேறும்வரை மனிதர் காதில் விழக்கூடாது. சொல்லிவிட்டு நிமிர்ந்தால், ஸ்பீக்கரின் தலையில் பச்சை விளக்கு எரிகிறது. பெருமாள் சரி என்றுவிட்டார்! கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விசா வரவில்லை. அவன் போன் செய்தபோது, "விடுப்பா, இன்னொரு தரம் பாத்துக்கலாம்" என்று குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தேன்.

"எப்பம்மா மொட்ட போட்டுக்கப் போற?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார்ரா சொன்னது?"

"நீதான். தெனம் காலையில அந்த ஸ்பீக்கர் வழியா என் போன்ல கேட்டுக்கினுதான் இருக்கேன். தனியா இருக்க, விழுந்து கிழுந்து வெச்சா யாருக்குத் தெரியும்? நான் கேக்கறப்போ அதுல பச்ச லைட்டு எரியுமே, பாக்கலியா?"

பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன். செத்துப்போன மனுஷன்மேல் இருக்கிற கோபம், உடம்பு உபாதை என்று எதைத்தான் அங்கே சொல்லவில்லை! நடுத்தெருவில் நிறுத்தியதுபோல உடம்பு கூசியது. பெற்ற பிள்ளையானாலும் சாமியிடம் பேசுவதை ஒட்டுக் கேட்பதா?

"என்ன ஒரு வார்த்த கேட்டியாடா?" என்று கத்தினேன்.

"விசா வேணாம்னு சாமிகிட்ட சொல்றப்போ நீ என்னக் கேட்டியாம்மா?"

போனை வைத்துவிட்டான். ஸ்பீக்கரை ஒயரோடு பிடுங்கி, பீரோவில் துணிகளுக்கு அடியில் திணித்தேன்.

வேண்டுதல் வேண்டுதல்தானே, மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை விளக்கேற்றி, அவன் மறுபடி என்னோடு பேச வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். படத்துக்குப் பின்னால், குங்குமச் சிமிழுக்குப் பின்னால் எங்காவது பச்சை தெரிகிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை. அப்படியும் அதை மனசுக்குள்ளேதான் சொன்னேன்.