காதுக்குப் பின்னால் ஒரு கட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. அறுவை சிகிச்சையில் எடுத்த சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றி டாக்டரிடம் கொடுப்பேன். அவர் பார்ப்பதற்கு முன்பே எது புற்றுநோய் என்று எனக்குத் தெரிந்துவிடும் எனத் தல்லாகுளத்து டீக்கடையில் பீற்றிக்கொண்டதுண்டு. தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான்.

அப்பாவுக்குப் பேரையூர்ப் பக்கம் பருத்தி விவசாயம். அம்மா போன பிறகும் நிலத்தை விட்டு வரமாட்டேன் என்று தனியாகவே இருந்தார். வெயிலில் நின்று நின்று கழுத்தும் காதும் கறுத்து வரி விழுந்துவிட்டன. மாதம் ஒருமுறை கடைத்தெரு சலூனில் முடி வெட்டிக்கொள்வார். சலூன்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். அவருடைய அப்பாதான் எனக்கு முதல் மொட்டை போட்டவர்.

ஒரு சித்திரையில் ஊருக்குப் போனபோது அப்பாவோடு நானும் சலூனுக்குப் போனேன். முடி வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் கையை நிறுத்தி, அப்பாவின் இடது காதுக்குப் பின்னால் விரலை வைத்தார்.

"மாசியில மொளகு அம்புட்டுத்தான் இருந்துச்சு தம்பி. இப்ப மொச்சைக்கொட்டை அம்புட்டு ஆயிருச்சு. ஆஸ்பத்திரில காட்டுங்க."

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தேன். சிவப்பாக, பளபளவென்று இருந்தது. வலிக்கிறதா என்று அப்பாவைக் கேட்டேன். இல்லை என்றார். வேனல் கட்டிதான், சுண்ணாம்பும் சோப்பும் குழைத்துப் போட்டால் அமுங்கிவிடும் என்றேன். அண்ணன் விடவில்லை. வேனல் கட்டி என்றால் தொட்டாலே சுடும், ஆளும் துள்ளிவிடுவார், இது அப்படி இல்லை என்றார். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். சலூன்காரர் எனக்குப் பாடம் நடத்துவதா என்று எனக்குச் சுருக்கென்றது.

"நீங்க கத்திரியப் பாருங்கண்ணே. கட்டிய நான் பாத்துக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், மகன் ஆஸ்பத்திரி ஆள் என்ற பெருமை அவருக்கு. அண்ணன் மறுபடி கத்திரியை எடுத்தார். நான் அந்தக் கட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் அப்பா தவறாமல் சுண்ணாம்பும் சோப்பும் போட்டார். மகன் சொன்ன வைத்தியம் ஆயிற்றே. ஆடியில் கட்டி நெல்லிக்காய் அளவு பெருத்து, தலையணையில் ரத்தம் பட்டபோதுதான் பஸ் ஏறி வந்தார். வெட்டியெடுத்ததைப் பிடிவாதமாக நானே சீவினேன். நீல நிறத்தில் குட்டி உருண்டைகளாகச் செல்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் சந்தேகம். தகடுகள் சென்னைக்குப் போய்ப் பதில் வர மூன்று வாரம் ஆனது.

டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். மேல்தோலின் அடிவரிசையில் மெல்லிய தொடுதலை உணர்கிற செல்கள் இருக்கின்றன, விரல் நுனியில் அதிகம். அவற்றைப் போன்ற செல்களால் ஆன புற்றுநோய் இது. மிக அபூர்வம். வயதானவர்களுக்கு, வெயில் படுகிற இடத்தில் வரும். பெரும்பாலும் வலிக்காது, ஆனால் வேகமாகப் பரவும். தானும் புத்தகத்தில் படித்ததோடு சரி, பார்த்ததில்லை என்றார். சித்திரையிலேயே எடுத்திருந்தால் குணமாகியிருக்குமா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார், டாக்டர் நல்ல மனிதர். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

அதற்குள் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையை ஊரில் அப்படித்தான் சொல்வோம். கொஞ்சம் வற்றி மறுபடி வந்தது. தை பிறந்து பத்தாம் நாள் அப்பா போய்விட்டார்.

கொள்ளி வைக்கிற மகனுக்கு மயானத்தில் மொட்டை போடுவது எங்கள் ஊர் வழக்கம். போடுவது சலூன் அண்ணன்தான். ஆடியிலிருந்து அவர் கடை வழியாகப் போகாமல் சுற்றுவழியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன், அன்று அவர் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. தண்ணீர் தெளித்து மழித்தார். முடிந்தது என்று எழப் போனேன். தோளைப் பிடித்து உட்கார வைத்தார். ஈர விரல்களால் உச்சியிலிருந்து பிடரி வரைக்கும், பிறகு இரண்டு காதுக்குப் பின்னாலும் அழுத்தி அழுத்தித் தடவிப் பார்த்தார். நேரமாகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

"ஒண்ணும் இல்ல தம்பி. மாசா மாசம் வாங்க, நான் பாத்துக்கிறேன்."

அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.