ஓடுகிற மெஷினில் விழுந்த ஸ்பானர்

பக்கத்து வீட்டு டீச்சர் சாயங்காலம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுப்பாள். அவள் முன்னறைச் சன்னல் என் அடுக்களையைப் பார்த்திருக்கும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் காது நன்றாகக் கேட்கும். அந்தச் சன்னல் வழியாக வந்த இங்கிலீஷ் எனக்கும் கொஞ்சம் உண்டு.

இந்த வருஷம் மழை தொடங்கின வாரம் அவள் ஒரு சொல்வழக்கு எடுத்தாள். ஓடுகிற மெஷினுக்குள் ஸ்பானரைப் போடுவது. ஒருவர் நடத்திக்கொண்டு வருகிற காரியத்தை இன்னொருவர் நடக்கவிடாமல் செய்வதற்கு வெள்ளைக்காரன் அப்படிச் சொல்வானாம்.

“மலையாளத்தில பாரை வைக்கதுன்னு சொல்லுவினுமே, அதா டீச்சர்?” என்றது ஒரு பெண் குரல்.

“கிட்டத்தட்ட.”

“அப்போ எங்க மாமன் ஒரு ஸ்பானராக்கும்.”

“மாமனை விடு. வாக்கியம் எழுது. மழை எங்கள் டூருக்கு ஸ்பானர் போட்டது, அப்படி எழுதலாம்.”

“மழைக்கு நம்ம மேல என்ன பகை டீச்சர்?”

“பாரை வைக்கதுக்குப் பகை வேணும். இதுக்கு வேண்டாம் பிள்ளே. கை தவறி விழுந்தாலும் மெஷின் நிக்கும்.”

நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அந்த மீனை எப்படிக் கழுவி முடித்தேன் என்று நினைவில்லை.

எங்கள் பக்கம் கல்யாணம் பேசினால் விசாரிக்க வருவார்கள். பெண்ணின் சொந்தத்தில் கேட்கமாட்டார்கள். பக்கத்தில் வேறு மதக்காரர் வீடு இருந்தால் அங்கே ஏறுவார்கள். அங்கே பொய் வராது என்று ஒரு நம்பிக்கை. டீச்சர் வீட்டார் வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். அதனால் டீச்சரைப் பெண் கேட்டவர்கள் என் வீட்டில் ஏறினார்கள்.

அது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு. பெண் பார்த்து, பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறிக்கிற நேரம். மாப்பிள்ளையின் மாமனும் அத்தையும் வந்து என் முற்றத்தில் நின்றார்கள். அந்த மாதம் எனக்கும் டீச்சரின் அம்மைக்கும் பேச்சில்லை. டீச்சர் வீட்டு முற்றத்து மழைத் தண்ணீர் பாய்ந்து என் மரச்சீனிக் கிழங்கு முழுக்க அழுகியிருந்தது. வந்தவர்கள் பெண் எப்படி என்று கேட்டார்கள்.

“எனக்கு ஒண்ணும் சொல்லுதுக்கு இல்ல. வேற வீட்டில கேளுங்க” என்றேன்.

அவர்கள் வேறு வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். விசாரிக்கும்போது வாயை மூடினால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். அது எனக்குத் தெரியாதா? தெரியும்.

இரண்டு நாள் கழித்து டீச்சரின் அம்மை வேலி ஓரம் வந்து நின்றாள்.

“மைனி, அவியகிட்ட என்ன சொன்னிய?”

“நான் ஒண்ணும் சொல்லேல்ல.”

“அதாக்கும் மைனி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த வருஷம் அவள் கிடையில் விழுந்தாள். நாலு வருஷம் மகள்தான் எடுத்துப்போட்டுப் பார்த்தாள். ஒரு பொய்யும் சொல்லவில்லை என்ற தெம்பில் இத்தனை காலம் நான் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

அந்தப் பாடம் கேட்ட இரண்டாம் வாரம் மறுபடி விசாரிக்க வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளறடைப் பக்கத்துக்காரர், மனைவி இறந்தவர், சின்ன ரப்பர் தோட்டம் உண்டு. டீச்சருக்கு நாற்பது நெருங்குகிறது. அம்மை போனபிறகு வந்த ஒரே கல்யாண ஆலோசனை இது. அவருடைய அக்காள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். உட்காரவைத்துச் சாயா கொடுத்தேன்.

“தங்கமான பிள்ளையாக்கும். அம்மையை நாலு வருஷம் பாத்த கை அது” என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்தது.

“அம்மைக்க சுகக்கேட்டிலதான் கல்யாணம் நீண்டு போச்சுன்னு சொன்னினும். அப்படித்தானே?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்த ஸ்பானர் என் கையிலேயே இருப்பது போல இருந்தது. அன்று மூடின வாயை இன்று முழுக்கத் திறந்தால் கணக்குத் தீரும் என்று நினைத்துவிட்டேன்.

“அவமேல ஒரு குற்றமும் இல்ல. முன்ன ஒரு காரியம் நாள் குறிக்க இருந்ததாக்கும். முடக்கினது நான்தான்” என்றேன்.

அவள் சாயாவைப் பாதியில் வைத்தாள்.

“நாள் குறிக்க இருந்த காரியமா? எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லேல்லியே.”

நான் மரச்சீனிக் கதையை முழுக்கச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுத்த வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வாறேன்” என்று எழுந்தாள். பிறகு அவர்கள் யாரும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து டீச்சர் வேலிக்கு வந்தாள். அவள் அம்மை நின்ற அதே இடம்.

“மாமி, என்ன சொன்னிய?”

“உள்ளதைச் சொன்னேன் மக்கா.”

“அம்மைக்க சுகக்கேடும் உள்ளதுதானே மாமி.” குரலில் கோபம் இல்லை. “நான்தான் முன்னயே வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும். ஒண்ணும் சொல்லண்டாம்னு.”



டியூஷன் இப்போதும் உண்டு. பெஞ்சுகளை மறுபக்க அறைக்கு மாற்றிவிட்டாள். பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கிற சத்தம் மட்டும் வருகிறது, சொல் ஒன்றும் பிடிபடுவதில்லை. என் அடுக்களையைப் பார்த்த சன்னல் அடைத்தே கிடக்கிறது.