திட்டத்தில் இல்லாத சோதனை

பிளக்கைக் கழற்றுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணுகிறார். அவருடைய கண் பம்பில் இல்லை. பம்பின் குழாய் நுனியிலிருந்து தராசின் மேலிருக்கும் கண்ணாடிச் சாடிக்குள் விழுகிற துளியில் இருக்கிறது. துளியின் வேகம் மாறவில்லை என்று கண்டதும் பிளக்கைத் திரும்பச் சொருகித் தாளில் ஒரு கோடு போடுகிறார். காலை ஏழரைக்கும் ஒன்பது மணித் தேநீருக்கும் இடையில் புனிதவதி இதை நாற்பது தடவை செய்துவிடுவார். நாற்பதாவது தடவையும் முதல் தடவை பார்த்தது போலவே பார்ப்பார்.

"பம்புக்கு அலுப்பு வாறதில்லைத் தம்பி. எனக்கு மட்டும் என்னத்துக்கு வரவேணும்?"

சோலோதுர்ன் நகரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தத் தொழிற்சாலையின் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நோயாளியின் நரம்புக்குள் மருந்தைச் சொட்டுக் கணக்கில் செலுத்தும் மின்பம்புகளை அங்கே செய்கிறார்கள். புதிதாக வடிவமைத்த பம்ப் எதுவும் விற்பனைக்குப் போகுமுன் ஆயிரம் மணித்தியாலம் சோதனை அறையில் ஓடவேண்டும். அது ஓடுவதைப் பார்த்து எழுதுவது புனிதவதியின் வேலை. வயது நாற்பத்தொன்று. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் உதவியாளராக இருந்தவர். எண்பத்து நாலில் கணவர் நித்தியானந்தனோடு இங்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தார். அதன் முடிவு இன்றுவரை வரவில்லை.

பென்சிலைத் தொடமாட்டார். பேனைதான். எழுதியது பிழைத்தால் ஒற்றைக் கோட்டால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவார். "அழிச்சால் நான் என்ன பிழை விட்டனான் எண்டு நாளைக்கு எனக்கே தெரியாமல் போயிடும்." சோதித்தவர் கையெழுத்து என்ற கட்டத்தில் இரண்டெழுத்துக்குத்தான் இடம். மற்றவர்கள் இரண்டெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இவர் இங்கே தன் குடும்பப் பெயராகிவிட்ட கணவர் பெயரின் பதினான்கு ஆங்கில எழுத்துகளையும் நுணுக்கி நுணுக்கி எழுதி, ஓரத்துக்கு வெளியேயும் கொண்டுபோவார். "ஃப்ராவ் நித்தி", அதாவது திருமதி நித்தி என்று சுருக்கிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். முழுப்பெயரையும் சொல்லிப் பழகிய ஒரே ஆள் உதிரிப்பாகங்கள் கொண்டுவரும் கிழவர் ஒருவர். அவருக்கு மட்டும் வெள்ளிக்கிழமைகளில் கடலைவடை கிடைக்கும்.

எண்பத்தாறில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருடம் புதிய பம்ப் ஒன்று சோதனைக்கு வந்தது. அதை உருவாக்கும் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ப்ருன்னர் என்ற பொறியியலாளர். கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருடைய அறைச் சுவரில் ஓர் ஆளின் நீளத்துக்கு ஓர் அட்டவணை இருந்தது. எந்தக் கிழமை என்ன முடியவேண்டும் என்று நிறம் நிறமாகப் பட்டி ஒட்டியிருந்தார். கடைசிப் பட்டி சிவப்பு. நவம்பரில் ஜெர்மனியில் நடக்கும் மருத்துவக் கருவிக் கண்காட்சிக்குப் பம்ப் போயாகவேண்டும்.

சோதனைக்கும் ஒரு திட்டம் இருந்தது. எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எத்தனை மணித்தியாலம் என்று ஒன்பது பக்கம். பிளக்கைக் கழற்றுவது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மின்சாரம் நின்றால் பம்ப் தானாகப் பற்றரிக்கு மாறும், அதை ஏற்கெனவே கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று என்று விட்டுவிட்டார்கள்.

நித்தியானந்தன் நகர ஆஸ்பத்திரியில் அறைகளைத் துப்புரவு செய்கிறவர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவியின் பம்பைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "நான் அறை துப்புரவாக்கேக்கை அதின்ரை பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான் என்ரை மெசினைப் போடுறனான். சுவரிலை ரண்டு பிளக் பொயின்ற்தானே கிடக்கு."

புனிதவதி அடுத்த நாள் பிளக்கைக் கழற்றத் தொடங்கினார். நூற்றுப் பதினெட்டுத் தடவை கழற்றினார். நூற்றுப் பதினைந்து தடவை ஒன்றும் நடக்கவில்லை. மூன்று தடவை துளி நூலாயிற்று. ஒரு மணித்தியாலத்தில் போகவேண்டிய மருந்து மூன்று நிமிடத்தில் சாடிக்குள் இறங்கிவிட்டது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. நாள், நேரம், தராசு காட்டிய நிறை எல்லாவற்றையும் எழுதிப் பதினான்கு எழுத்துகளையும் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் அகதிகள் உதவி நிலையத்தில் மொழிபெயர்க்கிறவன். வேலை தொடர்பான ஒரு சிறு விளக்கம் என்றார்கள். ப்ருன்னரின் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று புனிதவதி எழுதியது. மற்றது தட்டச்சில் அடித்த புதிய தாள். அதில் அந்த மூன்று தடவையும் இல்லை. கையெழுத்துக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"திட்டத்தில் இல்லாத சோதனையின் முடிவை முடிவு என்று சொல்லமுடியாது" என்றார் ப்ருன்னர். குரல் உயரவில்லை. "பிளக்கைக் கழற்றும்படி இவருக்கு யார் சொன்னது?"

நான் மொழிபெயர்த்தேன்.

"ஆஸ்பத்திரியிலை திட்டத்தைப் பாத்தோ பிளக்கைக் கழட்டுகினம்? என்ரை மனுசன் கழட்டுறவர். ஒரு நாளைக்கு ஒருக்கா இல்லை. நாலு தரம் கழட்டுறவர்."

அதையும் சொன்னேன். ப்ருன்னர் சிரித்தார். ஒரு துப்புரவுத் தொழிலாளியின் பழக்கத்துக்காக ஒரு கண்காட்சியை விடமுடியாது என்றார். பிறகு தன் பேனையை மேசையில் வைத்து, அதைத் தாளின் விளிம்போடு நேராக்கிக்கொண்டே, அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் கன்ரோன் அலுவலகம், அதாவது மாநில அலுவலகம், வேலை கொடுத்தவரின் அபிப்பிராயத்தைக் கேட்கும் வழக்கம் உண்டு, ஒத்துழைக்கும் ஊழியர்களைப் பற்றித் தான் எப்போதும் நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றார்.

அதையும் தமிழில் சொன்னேன். புனிதவதி முழுவதையும் கேட்டார்.

"உவர் என்னை வெருட்டுறார். அப்பிடியே சொல்லுங்கோ."

நான் அப்படியே சொல்லவில்லை. என்னுடைய விண்ணப்பமும் அதே அலுவலகத்தில்தான் கிடந்தது. இவருக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது என்று ஜெர்மனில் சொன்னேன். இரண்டு வருடத்தில் புனிதவதி எவ்வளவு ஜெர்மன் படித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பினார்.

"நான் கவலை எண்டு சொல்லேல்லைத் தம்பி." பிறகு ப்ருன்னரைப் பார்த்து, உடைந்த ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்: "நீங்கள் என்னை மிரட்டுகிறீர்கள். நான் கண்டதை எழுதினேன். காணாததில் கையெழுத்து இல்லை."

வெளியே வந்து பஸ் நிற்குமிடம் வரை அவர் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

அடுத்த திங்கட்கிழமை அவரைப் பொதி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். புதிய தாளில் ஓர் இளம் பொறியியலாளர் இரண்டெழுத்தில் கையெழுத்து வைத்தார். பம்ப் கண்காட்சிக்குப் போனது. பத்திரிகைகள் புகழ்ந்தன. அந்தப் பம்புகளை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பஞ்சு மெத்தை வைத்து, நாடா ஒட்டி அனுப்பியவர் புனிதவதிதான். யார் செய்த ஏற்பாடோ தெரியாது, இதைவிட மோசமாக ஒருவரை அவமதிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ஒவ்வொரு பெட்டியும் ஒட்டேக்கை, ஆர் கழட்டப்போகினமோ எண்டுதான் நினைப்பன். எட்டு மாதம் நித்திரை இல்லை."

எட்டாவது மாதம் வேறொரு கன்ரோனின் ஆஸ்பத்திரியில் யாரோ பிளக்கைக் கழற்றினார்கள். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு பெரியவருக்கு வலிக்கான மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கியது. மூச்சு அடங்கிக்கொண்டிருந்ததைத் தாதி ஒருத்தி தற்செயலாகக் கண்டதால் அவர் பிழைத்தார். இருநூற்று நாற்பது பம்புகளும் திருப்பி வந்தன. விசாரிக்க வந்தவர்கள் சோதனைக் கோப்பைக் கேட்டார்கள். இந்த நாட்டில் யாரும் ஒரு தாளை எறிவதில்லை. புனிதவதியின் தாள் கடைசியில், 'திட்டத்துக்குப் பொருந்தாதது' என்ற குறிப்போடு, ஒழுங்காகத் துளையிட்டுக் கோக்கப்பட்டிருந்தது.

ப்ருன்னருக்கு வேலை போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். அவர் எட்டுப் பக்கத்தில் புதிய சோதனை முறை ஒன்றை எழுதினார். பிளக்கைக் கழற்றுவது அதில் முதலாவது. அடுத்த வருடம் முழு வடிவமைப்புப் பகுதிக்கும் அவரே தலைவர். இப்போது மாலை வகுப்புகளில், தோல்வியிலிருந்து புதுமையை எப்படி உருவாக்குவது என்று பொறியியலாளர்களுக்குப் படிப்பிக்கிறார்.

புனிதவதியைச் சோதனை அறைக்குத் திரும்ப அழைத்தார்கள். மன்னிப்புக் கேட்டார்களா என்று கேட்டேன்.

"கடுதாசி ஒண்டும் வரேல்லை. ஒரு பெட்டி சொக்கிலேற் வந்தது."

"சாப்பிட்டீங்களோ?"

"பொதி கட்டிற இடத்திலை வைச்சிட்டு வந்தனான். அங்கை நிக்கிற பெட்டையள் சாப்பிட்டிருப்பினம்."

"ஏன் அக்கா திரும்பிப் போனீங்கள்?"

"நான் போகாட்டில் வேறை ஆர் பாக்கிறது? அவை தாளைத்தான் பாப்பினம்."

போன சனிக்கிழமை தொழிற்சாலையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நானும் போனேன். சோதனை அறையில் முப்பது பேர்வரை நெருங்கி நின்றோம். ப்ருன்னர் பம்பின் கதையைச் சொன்னார். நன்றாகச் சொன்னார். சரியான நேரத்தில் கண்டுபிடித்தோம், எங்கள் குழு திட்டத்துக்கு வெளியே சிந்திக்கத் துணிந்தது என்றார். கைதட்டினார்கள். புனிதவதி வெள்ளை மேலங்கியோடு பின்சுவரோரம், அடுத்த சோதனைக்கு நீர் நிரப்பிய சாடியை ஏந்திக்கொண்டு நின்றார்.

முன்வரிசையில் நின்ற நடுத்தர வயதுப் பெண் ஒருவர் கேட்டார்: "முதலில் அதைக் கண்டது யார்?"

"எங்களிடம் தனியாள் என்று யாரும் இல்லை" என்றார் ப்ருன்னர். "குழுதான்."

புனிதவதி சாடியை இடது கைக்கு மாற்றி, வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். ப்ருன்னர் அதைக் கண்டார். கண்டுகொண்டே அடுத்த கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கேள்வி கேட்ட பெண் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் நின்றவர். பிறகு ஒவ்வொருவராக. புனிதவதி கையை இறக்கவில்லை.