கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு

என் காரில் எண்ணெய் ஒழுகாத இடம் ஹாரன் ஒன்றுதான். அதுவும் மழை நாளில் தானாக அடிக்கும். இரண்டே இருக்கைகள், துணிக்கூரை, என்னைவிடக் கொஞ்சம் இளமையான ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். பாசிர் ரிஸில் எங்கள் புளோக்கை ஒட்டிய அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில் அது நிற்கும். அடியில் எப்போதும் ஓர் அட்டையை விரித்து வைத்திருப்பேன். காலையில் எழுந்ததும் மற்றவர்கள் பல் துலக்குவார்கள். நான் கீழே போய் அட்டையைப் பார்ப்பேன்.

பக்கத்து இடத்தில் கார் நிறுத்தும் பாய்க்குச் சிராங்கூன் சாலையில் துணிக்கடை. "என்ன அண்ணே, இன்னைக்கும் நனைச்சிருச்சா?" என்பார். அவருடைய காருக்கு அடியில் தூசிகூடக் கிடையாது. அவர் கேட்பதைவிட அதுதான் எனக்கு எரிச்சல்.

எஞ்சின் தலைமூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் தக்கை கேஸ்கெட்டைப் பட்டறையில் மாற்றினோம். இறுக்கினால் பிதுங்கியது, தளர்த்தினால் கசிந்தது. அடுத்து, எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர். சில்லறை வேலைகளை நானே கார்ப்பேட்டையில் பார்த்துக்கொண்டேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சுற்றும் கைப்பிடி கையோடு வந்துவிடும். அதைப் பிடித்திருக்கும் சின்ன கிளிப்பைப் பொருத்தும்போது அது துள்ளி எங்கோ ஓடியது. குழந்தைபோலத் தரையில் தவழ்ந்து தேடினேன். கிடைத்தது பாயின் கார்ச் சக்கரத்துக்கு அடியில். அன்று பஸ்ஸில் கடைக்குப் போயிருந்த அவர் திரும்பி வந்து காரை நகர்த்தும்வரை காத்திருந்தேன்.

கடைசியில் ஒருவழியாக ஒழுகல் நின்றது. பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியது ஊற்றி, புது அட்டை விரித்தேன். அடுத்த திங்கட்கிழமை அதன்மேல் பொன்னிறத்தில் ஒரு சொட்டு. கியர்பாக்ஸின் வால் பகுதிக்குப் பக்கத்தில். துடைத்தால் மறுநாள் இன்னொன்று. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

பட்டறைக்காரர் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். "கியர்பாக்ஸ் சீலாத்தான் இருக்கும் லா. எஞ்சினையும் சேர்த்து எறக்கணும்."

என் பொறுமை அன்றோடு தீர்ந்தது. விற்றுத் தொலைப்பது என்று முடிவெடுத்தேன். வாங்குவதற்கு ஒருவர் ஞாயிறு மாலை வருவதாக ஏற்பாடு. மனைவியிடம் சொன்னேன். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். உள்ளுக்குள் சந்தோஷம்தான் என்று நினைத்தேன். அந்தக் காரில் ஏறி இறங்க அவள் படும் பாடு எனக்குத் தெரியும். சேலைத் தலைப்பு கதவில் மாட்டாத வாரம் இல்லை.

பேட்டரி செத்துப்போகாமல் இருக்க ஞாயிறுதோறும் அதை வெளியே எடுப்பேன். அவளும் வருவாள். கேலாங் ஈஸ்ட்டில் உள்ள சிவன் கோயில் வாசலில் இறக்கிவிடுவேன். நான் உள்ளே போனதில்லை. குனிந்து காருக்கு அடியில் பார்ப்பதோடு என் தரிசனம் முடிந்துவிடும். பிறகு சிராங்கூன் சாலையில் தோசை, வீடு.

விற்கப்போகும் ஞாயிறன்று காலை, கடைசியாக ஒருமுறை கோயிலுக்குப் போய்வரலாம் என்று நானே சொன்னேன். அவள் புறப்படுவதற்குள் காரிலிருந்த எங்கள் சாமான்களை அள்ளிவிடலாம் என்று முன்னால் இறங்கினேன். குடை, பழைய துண்டு, ஒரு ஸ்பேனர். அவள் இருக்கைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் சாய்ந்து கிடந்தது ஒரு சின்ன பாட்டில். பை கிழிந்து, அடியிலிருந்த விரிப்பு ஊறிப்போயிருந்தது. விரிப்பைத் தூக்கினால் காரின் தரையில் தண்ணீர் வடிவதற்கான துளை. அதை அடைத்திருந்த ரப்பர் மூடியைக் காணோம். அட்டையிலிருந்த சொட்டைத் தொட்டு முகர்ந்தேன். நல்லெண்ணெய்.

பாட்டிலோடு மாடி ஏறினேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் நிலையில் நான் இல்லை.

"இது என்ன?"

"கோயில் வெளக்குக்கு எண்ணெய். ஹேண்ட்பேக்ல வச்சா ஊத்திடுதுன்னு கார்ல வச்சேன். ஏன்?"

"கார்ல வச்சா ஊத்தாதா? இதுக்காக எஞ்சினையே எறக்கப் பாத்தேன். காரையே விக்கப் போறேன். வாரா வாரம் வெளக்கு போடுற அளவுக்கு அப்படி என்ன வேண்டுதல் உனக்கு?"

அவள் தலையில் பூவைச் செருகிக்கொண்டே சொன்னாள். "கார் ஒழுகுறது நிக்கணும்னுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது. "உனக்குத்தான் அந்தக் காரைக் கண்டாலே ஆகாதே."

"நான் எப்போ சொன்னேன்? அது வர்றதுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம நீங்க என்னை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? எம்ஆர்டி ரயில்ல தனியாத்தானே போய்ட்டு வருவேன்."

நான் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றேன். வெட்கமாக இருந்தது.

மாலையில் வரவிருந்தவரைக் கூப்பிட்டு, கார் இன்னும் ஒழுகுகிறது, விற்பதாக இல்லை என்றேன். ஒழுகினால் பரவாயில்லை, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அன்று கோயில் வாசலில் நான் குனிந்து பார்க்கவில்லை. காரைப் பூட்டிவிட்டு, மிச்சமிருந்த எண்ணெயை நானே எடுத்துக்கொண்டு அவளோடு உள்ளே போனேன். சனியன் பிடித்த அந்த பாட்டில் மூடி எத்தனை இறுக்கியும் நிற்கவில்லை. சந்நிதிக்குப் போய்ச் சேர்வதற்குள் என் வெள்ளைச் சட்டையெல்லாம் எண்ணெய்.