சுவருக்குப் பின்னால் வளைந்த அலை

அந்த வருஷ மழையில் ஜித்ரா ஊரில் எங்கள் வரிசை வீடுகளுக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்துவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் ஐஸ்பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றினோம். வாஷிங் மெஷினுக்கு இடமில்லை. வாசலில் மதிலை ஒட்டிய மூலையில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தோம்.

"சுவருக்குப் பின்னாடிதான இருக்கு. ஒண்ணும் ஆகாது லா" என்றார் அவர்.

மழை விட்டதும் வெள்ளத்தை வேடிக்கை பார்க்க உயரமான வண்டிகள் வந்தன. அவை கிளப்பிய அலை மதிலில் முட்டித் திரும்பியது. ஆனால் கம்பிக் கேட்டுக்குள் நுழைந்த அலை நேராகப் போகவில்லை. விசிறிபோல் விரிந்து, சுவரின் பின்பக்கமாக வளைந்து, அந்த மூலைக்கே போய் மெஷினின் அடியை நனைத்தது.

வீட்டுக்காரர் பழைய கதவொன்றைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தி வழியைப் பாதியாக்கினார். அடுத்த வண்டி போனது. இம்முறை வந்த அலை சின்னதுதான். ஆனால் இன்னும் அகலமாக விரிந்து மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே நின்றுகொண்டு எதை அடைத்தாலும் பிரயோஜனமில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் போய் உட்கார்ந்தேன்.

"பைத்தியமா உனக்கு? உள்ள வா!" என்று வீட்டுக்காரர் கத்தினார். நான் திரும்பவில்லை.

ஒரு பிக்கப் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. ஓட்டியவன் நம்ம தமிழ் ஆள்தான். தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, தள்ளுங்க லா. கெரேத்தா போகணும், வண்டிக்கு வழி விடுங்க."

"ஆள் நடக்கிற வேகத்துல போறதுன்னா போ. இல்லன்னா திருப்பிக்கோ."

"இது எல்லாரும் போற ஜாலான், அக்கா. பொது ரோடு."

"இந்தத் தண்ணிக்குப் பின்னால இருக்கறது எங்க வீடு. ஏத்திட்டுப் போறதுன்னா என் மேல ஏத்திட்டுப் போ."

நாற்காலியை இன்னும் நடுவில் இழுத்துப் போட்டேன். அவன் என்னைப் போனில் படம் எடுத்தான். அதற்குள் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவும் ஒரு முக்காலியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனையே முறைத்துக்கொண்டிருந்தார். அவன் வண்டியைப் பின்பக்கமாகவே மெதுவாக எடுத்துப் போய்த் திருப்பினான்.

பொழுது சாயும்வரை நாங்கள் எழவில்லை. மெதுவாக ஊர்ந்து போகச் சம்மதித்த வண்டிகளுக்கு வழி விட்டோம். மற்றவற்றைத் திருப்பி அனுப்பினோம்.

மெஷினைக் காப்பாற்ற முடியவில்லை. முதலில் அடித்த அலையிலேயே மோட்டார் போயிருந்தது. மறுநாள் கூலிம் ஊரிலிருந்து என் தங்கச்சி போன் செய்தாள்.

"போன்ல ஒரு படம் சுத்துது, ரோட்டுல உக்காந்திருக்கிறது நீயா? எல்லாரும் சிரிக்கிறாங்க."

"நான்தான். மறுபடி வெள்ளம் வந்தாலும் உக்காருவேன்" என்றேன்.