நித்தி என்கிற துருக்கிப் புலவர்

துர்சுன் பெரிய சட்டிகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஒரு மருத்துவமனைச் சமையலறை. ரப்பர் ஏப்ரன், ஈரச் சப்பாத்து, தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். அந்த விரல்களால்தான் அவர் துருக்கியில் ஊர் ஊராகப் போய், சாஸ் என்ற நீண்ட கழுத்துத் தந்தி வாத்தியத்தை வாசித்துப் பாடினார். பாட்டால் பெயர் வந்தது. பெயரால் இரண்டு புத்தகங்கள் விற்றன. புத்தகங்களைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். தேர்தலில் நின்று வென்றார். எண்பதில் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எல்லாம் ஒரேயடியாகப் போயிற்று. உயிர் தப்பி ஓடி வந்தவருக்குப் பின்னாலேயே குடியுரிமையும் பறிபோன செய்தி வந்தது. மனைவி முன்பே காலமாகிவிட்டாள். மகள் எலிஃப் அங்காராவில் அத்தை வீட்டில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேர்ணில் இருந்த துருக்கிச் சங்கத்தார் அவரைக் கூட்டத்துக்கு இழுத்துப் போவார்கள். மேடையேற்றிப் பேசவைத்துவிட்டுத் தங்களுக்குள் அடிபடுவார்கள். இந்த விஷயத்தில் நம்மவர்களுக்கு அவர்கள் ஒன்றும் சளைத்தவர்களல்ல. துர்சுனுக்கு எல்லாம் அலுத்துவிட்டது. சாஸ் அலமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது.

அப்போதுதான் எலிஃபுக்குக் கல்யாணம் நிச்சயமானது. “நீங்கள் வர ஏலாது, தெரியும். ஒரு பாட்டாவது வரட்டும் அப்பா” என்று போனில் அழுதாள். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பன் அரசாங்க உத்தியோகத்தர், பயந்த மனுஷன். ஒலிநாடாவில் துர்சுனின் குரல் கேட்கக் கூடாது, பாட்டில் அவர் பெயர் வரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். சொற்களை மட்டும் அனுப்பினால் உள்ளூர்ப் பாடகர் ஒருவர் பழைய மெட்டில் பாடுவாராம்.

குரலை விட்டுக்கொடுக்கத் துர்சுன் தயாராகத்தான் இருந்தார். பெயர்தான் சிக்கல். அவர்கள் வழக்கத்தில் பாட்டின் கடைசி அடிகளில் பாடியவன் பெயர் வந்தாக வேண்டும், நம் கீர்த்தனைகளில் முத்திரை வைப்பது போல. பெயரில்லாத பாட்டை எந்தப் பாடகனும் வாயில் எடுக்க மாட்டான். வேறு பெயரை வைக்கலாமென்றால், எந்தத் துருக்கிப் பெயரை வைத்தாலும் அந்தப் பெயரில் ஒரு அப்பாவி இருப்பான். பொலிஸ் அவன் கதவைத் தட்டும். அரசியலில் கிடந்தவருக்குப் பொலிசின் மூளை தெரியும்.

கூடச் சட்டி கழுவிய யாழ்ப்பாணத்து நித்தியானந்தனிடம் ஒரு நாள் கேட்டார். இரண்டு பேரும் பேசியது சமையலறை ஜெர்மன். இலக்கணம் இருக்காது, விஷயம் இருக்கும்.

“தம்பி, உன்ரை பேரை எனக்குத் தருவியோ?”

விஷயத்தைக் கேட்ட நித்தி தலையில் கை வைத்தான். “ஊரிலை ஆமியின்ரை லிஸ்டிலை என்ரை பேர் இருக்கு. இஞ்சை அகதி விசாரணைக்காரரிட்டை இருக்கு. இனித் துருக்கியிலையுமோ அண்ணை?”

“அங்கை அந்தப் பேரிலை ஒருத்தனும் இல்லை. ஆரைப் பிடிப்பாங்கள்?”

“முழுப் பேரும் வேணுமோ?”

“நித்தி போதும். பாட்டிலை என்ரை பேர் நிண்ட இடத்திலை சரியா இருக்கும்.”

“அப்ப எடுங்கோ. நான் அதை வைச்சு என்னத்தைக் கண்டன்?”

நெடுநாளைக்குப் பிறகு துர்சுன் சாஸைத் துடைத்து எடுத்து, மகளுக்காக ஒரு பாட்டுக் கட்டினார். விடுமுறைக்குப் போன ஒரு பெண்ணின் கையில் அது அங்காரா போய்ச் சேர்ந்தது.

கல்யாணம் முடிந்த வாரம், வேலை இடைவேளையில், தபால் கந்தோர்த் தொலைபேசிக் கூண்டிலிருந்து அத்தை வீட்டுக்கு எடுத்தார். புதுத் தம்பதியர் விருந்துக்கு அங்கே வந்திருந்தார்கள், வேறு விருந்தாளிகளும் இருந்தார்கள். எலிஃபே எடுத்தாள்.

“பாடினவையோ?”

“ஓம் அப்பா! ரெண்டாந்தரமும் பாடச் சொல்லிக் கேட்டவை.”

“நித்தி ஆரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“கேட்டவை. இவரின்ரை அப்பா சொன்னார், அது பழைய ஞானியாம், தன்ரை தாயின்ரை ஊராம். சமாதியும் இருக்காம்.”

துர்சுன் வாய்விட்டுச் சிரித்தார். கூண்டுக்கு வெளியே நின்ற நித்தி, விஷயம் தெரியாமலே தானும் சிரித்தான்.

எலிஃப் குரலைத் தாழ்த்தினாள். “பிறகு சபையிலை என்னையும் கேட்டவை. எழுதின ஆளை எனக்குத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்.”

“நல்லாச் சொன்னாய்” என்றார். அவரே போட்ட திட்டம்தான், யாரை நோக முடியும்?

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. ஆண்குரல் ஒன்று, போனில் யார் என்று விசாரித்தது. “தூரத்து மாமா ஒராள்” என்று எலிஃப் பதில் சொன்னாள். பிறகு இவரிடம், “உங்கடை வாழ்த்து வந்து சேந்தது மாமா, சந்தோஷம்” என்றாள்.

மகளே என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “புருஷனோடை சந்தோஷமா இருங்கோ பிள்ளை” என்று யாரோ ஒரு பெரியவர் மாதிரிச் சொல்லித் துர்சுன் போனை வைத்தார்.