அண்ணன் கட்டிய பூச்சி மிதக்கும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். இந்தப் பக்கத்துக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்தது வேறு. அதில் அண்ணனின் பெருமை எவ்வளவு இருந்ததோ அவ்வளவு என் பெருமையும் இருந்தது. அச்சகத்துக்காரரிடம் கெஞ்சி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது அன்னூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். ஊர் விசேஷங்களில் எங்கள் முறை வரும்போது குழம்பு தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் இலை தீர்ந்திருக்கும். தனக்குக் கிடைத்ததை என் பக்கம் தள்ளிவிட்டு, பசிக்கவில்லை என்பார் அண்ணன். நான் தனிக் குடித்தனம் வந்தபின், என் வீட்டுக்கு வந்தவர் யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. என்னிடம் மாட்டிக்கொண்டு சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கணபதியில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் அண்ணன் சேர்ந்தார். மோட்டாருக்குள் வைக்கும் செப்புக்கம்பிக் காயில் சுற்றுகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்தார், கட்டியும் கொடுத்தார். புதிதாக வேலைக்கு வந்தவரைக்கூட 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

ஒருமுறை கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மோட்டார் பழுதென்று போனார். அங்கே மேலாளராக இருந்தவர் டேவிட் சார். ட்ரவுட் மீன் பிடிப்பதில் அவருக்குப் பைத்தியம். மீனை ஏமாற்றப் போடும் பொய்ப்பூச்சி ஒன்று அவர் மேசைமேல் நூல் பிரிந்து கிடந்திருக்கிறது. "இதுவும் சுத்தற வேலைதானுங்க சார், குடுங்க பாக்கலாம்" என்று வாங்கிச் சரிசெய்து கொடுத்தாராம் அண்ணன். அதிலிருந்து இருவரும் இணைபிரியாத சிநேகிதர்கள். லீவு நாளில் அண்ணன் மலையேறிவிடுவார். வீட்டில் இருந்தால் பூச்சி கட்டிக்கொண்டிருப்பார்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னத் தூண்டில் முள், மெல்லிய நூல், இறக்கைக்குக் கன்றுக்குட்டியின் வாலில் கத்தரித்த வெள்ளை முடி, கழுத்தைச் சுற்றிச் சேவல் இறகு. இவ்வளவுதான் அந்தப் பூச்சி. அது தண்ணீரின் மேல் இறக்கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முடி அதிகமானால் கட்டு பருத்துவிடும், நூலும் அதிகம் பிடிக்கும், தலை கனத்துக் கவிழ்ந்துவிடும். அண்ணன் முடியைக் கொஞ்சமாகத்தான் எடுப்பார். பழைய சீப்பால் அடியிலுள்ள பஞ்சையெல்லாம் வாரி எறிவார். கட்டியபின் மிஞ்சும் அடிமுடியை ஒரே இடத்தில் வெட்டாமல் படிப்படியாக வெட்டுவார். அப்போதுதான் உடம்பு வால் பக்கம் மெலிந்துகொண்டே போகும். நூலும் அடங்கிச் சுற்றும்.

கடைசியில் இருதயம் பலவீனமாகி அண்ணனுக்குக் கை வீங்கிவிட்டது. அவருக்குப் பதில் நான் பூச்சி கட்டப் பழகினேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"முடியக் கொஞ்சம் கொறைச்சுக்கோ கண்ணு."

"இருக்கறத எதுக்குங்கண்ணா கொறைக்கோணும்? பாக்கறவீங்க நம்மளக் கஞ்சம்னு நெனைக்க மாட்டாங்களா?"

அவர் சிரித்தார். அதற்குமேல் வற்புறுத்துகிற ஆள் இல்லை அவர். சில வாரங்களில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இந்த நினைவு மலரில் ஒவ்வொரு பிரதியிலும் அண்ணன் கட்டுகிற மாதிரி ஒரு பூச்சியைக் குத்திக் கொடுப்பது என்பது என் யோசனை. எல்லாவற்றையும் நானே கட்டுகிறேன் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அண்ணன் பெயரில் கொடுப்பது நிறைவாக இருக்க வேண்டும் என்று கை நிறைய முடி வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தன.

போன வாரம் அட்டையில் குத்துவதற்கு உறவினர்கள் கூடியிருந்தோம். டேவிட் சாரும் மலையிலிருந்து இறங்கி வந்தார். நான்தான் ஆசையாக ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, "போட்டுப் பாருங்க சார்" என்றேன். என் பூச்சி குப்புறக் கவிழ்ந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. டேவிட் சார் தன் பெட்டியிலிருந்து அண்ணன் கட்டிய பழைய பூச்சி ஒன்றை எடுத்துப் போட்டார். அது நிமிர்ந்து உட்கார்ந்தது.

"முடி ரொம்ப வெச்சுட்டீங்கம்மா" என்றார் மெதுவாக.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உள்ளே வந்த உடுமலை மாமா, அடியில் கிடந்ததைக் காட்டி, "ஏனுங்க, நம்ம மாப்பிள்ளை கட்டுனது இப்படித்தான் முழுகுமுங்களா?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கெட்ட பெயர் எனக்கு வந்தால் தாங்கிக்கொள்ளலாம். அண்ணனுக்கல்லவா வந்துவிட்டது.

"அது நான் கட்டுனதுங்க மாமா" என்று சொல்லித் தாம்பாளத்துக்குள் கைவிட்டு அதை எடுத்தேன்.

அண்ணி என்னைத் தேற்றினார்கள். "உடு அம்மணி. இதக் கொண்டுபோயி ஆரு மீன் புடிக்கப் போறாங்க? அப்படியே குத்திக் குடுத்தரலாம். ஒருத்தருக்குக் குடுத்து ஒருத்தருக்கு உட்டா சடஞ்சுக்குவாங்க."

அண்ணி சொன்னதும் நியாயம்தான். இங்கே யாருக்காவது தாம்பூலப் பை விட்டுப்போனால் பத்து வருஷம் பேச்சிருக்கும். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிளேடு எடுத்து எல்லாவற்றையும் அறுத்தேன். அறுக்க அறுக்க என் பூச்சிகளுக்குள்ளிருந்து வந்த முடியைப் பார்த்து எனக்கே அசிங்கமாக இருந்தது.

மறுபடி கட்ட ஆரம்பித்தேன். முடியைக் குறைக்கச் சொன்னால் என் கை இன்னும் கேட்பதில்லை, கூட ஒரு சிட்டிகை எடுத்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் தாம்பாளத்தில் போட்டுப் பார்த்து, மிதந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். பாதிப் பிரதிகளுக்குக்கூட வரவில்லை.

அண்ணனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள், செவிலியர்கள், இரவு பகலாகக் கூட இருந்த அண்ணி, தோள் கொடுத்த பட்டறைத் தோழர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தண்ணீரில் போட்டுப் பார்த்த டேவிட் சாருக்கு என் தனிப்பட்ட நன்றி. அவர் தாட்சண்யம் பார்த்துச் சும்மா இருந்திருந்தால், முழுகுகிற பூச்சி ஒன்று அண்ணன் பெயரில் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கும்.

உங்கள் பிரதியில் பூச்சி இல்லையென்றால், உங்களுக்கென்று கட்டியது மிதக்கவில்லை என்று அர்த்தம். உங்களை நாங்கள் மறக்கவில்லை. வெறும் புத்தகத்தை உங்கள் கையில் கொடுத்தபோது நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கொடுத்திருப்பேன். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.